நக்லாவின் கல்: லண்டன் பாதுகாப்பு அறையில் ஒரு செவ்வாய்த் துண்டு

செவ்வாய் மண்ணை மிதித்தவர் இன்றுவரை யாரும் இல்லை. அங்கிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு பூமிக்குத் திரும்பிய விண்கலமும் இல்லை. ஆனாலும் அந்தக் கோளின் பாறையை ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். அதைப் பார்க்கத்தான் லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

வாசலைத் தாண்டியதும் பெரிய மண்டபம். 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி அதன் கீழேதான் நிற்கிறார்கள். படியேறி முதல் மாடியில் கனிமக் கூடத்துக்குள் நுழைந்தால் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. இருபுறமும் வேலைப்பாடுள்ள தூண்கள், உயரமான ஜன்னல்கள், வரிசை வரிசையாக ஓக் மரத்தில் செய்த கண்ணாடிப் பேழைகள். 1881இல் இந்தக் கட்டடம் திறக்கப்பட்ட காலத்துப் பேழைகள் அவை. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த கனிமங்கள் அவற்றுக்குள் சிறு சீட்டுகளோடு அடுக்கப்பட்டிருக்கின்றன.

விண்கற்கள் கூடத்தின் கோடியில் இருக்கின்றன. 1795 டிசம்பரில் யார்க்ஷயரின் வோல்ட் காட்டேஜ் என்ற இடத்தில் விழுந்த கல் அவற்றில் ஒன்று. சுமார் 25 கிலோ எடை. வானத்திலிருந்து கல் விழும் என்று சொன்னால் படித்தவர்கள் ஏற்காத காலம் அது. அவர்களை ஏற்கவைத்த கற்களில் இதற்கும் ஒரு இடம் உண்டு. அதையும் கடந்து போனால் ‘வால்ட்’ என்று பெயரிட்ட பாதுகாப்பு அறை. அருங்காட்சியகத்தின் விலைமதிப்பற்ற கற்கள் இங்கேதான் இருக்கின்றன. அரோரா என்ற பெயரில் 296 நிற வைரங்களைக் கோபுரம்போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் அங்கே மொய்க்கிறது. நக்லா விண்கல்லின் முன்னால் நிற்க இடம் தாராளமாகக் கிடைத்தது.

கல் பெரியதில்லை. ஆனால் முதல் பார்வைக்கே இது ஆற்றங்கரையில் கிடக்கும் கல் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. எண்ணெய்க்காப்பு செய்த கருங்கல் சிலையைப்போல அதன் மேல்தோல் கன்னங்கரேல் என்று பளபளக்கிறது. காற்று மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது மேற்புறம் உருகி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடித் தோலாக உறைந்ததன் மினுமினுப்பு அது. தோல் பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் பாறை தெரிகிறது. பச்சை கலந்த சாம்பல் நிறம். நெருங்கிப் பார்த்தால் பொடிப்பொடியான படிகங்களின் மினுக்கம். மேலே இருக்கும் கருமைக்குப் பூமியின் காற்று காரணம். உள்ளே இருக்கும் பச்சைதான் செவ்வாய்.

எகிப்தில் ஒரு காலைப்பொழுது

1911 ஜூன் 28. அலெக்சாந்திரியாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் எல் நக்லா எல் பஹாரியா என்ற வட்டாரம். காலை 9 மணியளவில் வானத்தில் வெடிச்சத்தம் கேட்டது, புகைத்தடம் தெரிந்தது. பல கிராமங்களின் வயல்களில் கற்கள் விழுந்தன. சில கற்கள் மண்ணுக்குள் ஒரு மீட்டர் ஆழம்வரை புதைந்துபோயின. எகிப்தின் நிலவியல் துறையில் இருந்த ஹ்யூம் விசாரித்துச் சேகரித்ததில் ஏறத்தாழ 40 கற்கள் தேறின. மொத்த எடை சுமார் 10 கிலோ. அவற்றில் சில லண்டனுக்கு வந்தன.

இந்தக் கல்லைப் பற்றிப் பேசும் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. தென்ஷால் என்ற ஊரில் விழுந்த துண்டு ஒரு நாயைக் கொன்றுவிட்டது என்று விவசாயி ஒருவர் சொன்னார், பத்திரிகையிலும் வந்தது. ஆனால் அவர் சொன்ன ஊர், தேதி இரண்டுமே மற்றச் சாட்சியங்களோடு ஒத்துப்போகவில்லை. நாயின் உடலோ அந்தக் கல்லோ கிடைக்கவும் இல்லை. கதை சுவையானது என்பதால் நூறு வருடத்துக்கு மேலாக வாழ்கிறது. கல்லுக்குள் இருக்கும் உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

நக்லாவின் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஆகைட் என்ற பைராக்சீன் வகைக் கனிமம். பச்சை நிறம் அதிலிருந்துதான் வருகிறது. இடையிடையே இரும்பு மிகுந்த ஒலிவின். மீதி, இவற்றுக்கு இடையில் கடைசியாக உறைந்த நுண்ணிய பொருள். இந்தச் சேர்க்கை ஒரு வரலாற்றைச் சொல்கிறது. எரிமலைக் குழம்பு ஆறும்போது முதலில் உருவான படிகங்கள் கனத்தால் அடியில் படிந்து சேர்ந்திருக்கின்றன. பிறகு மெல்ல இறுகியிருக்கின்றன. அதாவது இந்தக் கல் பிறந்த இடத்தில் எரிமலை இருந்தது, லாவா ஓடியது.

‘எப்பிடித் தெரியும்?’

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டது. ஏழெட்டு வயதுச் சிறுமி, கூடவே ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

“அப்பப்பா, இது செவ்வாயில இருந்து வந்ததெண்டு எப்பிடித் தெரியும்? ஆரும் போய் எடுத்துக்கொண்டு வரேல்லையே?”

பெரியவர் என் நோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டுவிட்டார். “தம்பி, நீங்கள் எழுதிறதைப் பார்த்தால் விஷயம் தெரிஞ்ச ஆள் போல இருக்கு. பிள்ளைக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.”

அந்தக் கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் தடயம் வயது. சாதாரண விண்கற்கள் சிறுகோள்களிலிருந்து வருபவை. அவற்றின் வயது சூரியக் குடும்பத்தின் வயதேதான்: சுமார் 456 கோடி ஆண்டுகள். சிறுகோள்கள் சின்னவை, உள்ளிருந்த வெப்பத்தை ஆரம்பக் காலத்திலேயே இழந்துவிட்டவை. நக்லாவின் வயதோ 130 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். அவ்வளவு பிந்திய காலத்திலும் லாவா கக்கிய உலகம் என்றால் அது கோள் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடயம் ஆக்சிஜன். ஆக்சிஜன் அணுக்களில் எடை வேறுபட்ட மூன்று வகை உண்டு: 16, 17, 18. இவை கலந்திருக்கும் விகிதம் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு விதம். நக்லாவையும், 1815இல் பிரான்சின் சாசினியில் விழுந்த கல்லையும், 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லையும் அளந்து வரைபடத்தில் குறித்தால் மூன்றும் ஒரே கோட்டில் வந்து விழுகின்றன. பூமியும் நிலாவும் இருக்கும் கோடு வேறு. ஆக மூன்று கண்டங்களில் விழுந்த மூன்று கற்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பூமியின் பிள்ளைகள் அல்ல.

தாய் யார் என்று காட்டிக்கொடுத்தது காற்று. 1976இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்கள் அங்குள்ள காற்றை அளந்து கணக்கு அனுப்பின. அண்டார்டிகாவின் எலிஃபன்ட் மொரெய்ன் பனிப்பரப்பில் எடுத்த இஇடி ஏ 79001 என்ற விண்கல், ஷெர்காட்டியின் வகையைச் சேர்ந்தது. அதனுள் கருங்கண்ணாடித் திட்டுகள் இருந்தன. பலத்த மோதலில் பாறை நொடியில் உருகி நொடியில் உறைந்தபோது உண்டானவை. உறையும்போது சுற்றியிருந்த காற்றையும் அவை உள்ளே பூட்டிக்கொண்டன. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் டொனால்ட் போகார்ட், பிராட் ஜான்சன் இருவரும் அந்தக் கண்ணாடியைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றி அளந்தார்கள். 1983இல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவற்றின் கலவை வைக்கிங் அனுப்பிய கணக்கோடு பொருந்தியது. வேறெந்தக் கோளின் காற்றோடும் பொருந்தவில்லை.

“அப்ப கல்லுக்குள்ள காத்து அடைச்சுக் கிடந்ததா?” என்றாள் சிறுமி. ஆமாம். அடைபட்டிருந்த அந்தக் காற்றை நம்பித்தான் முழு முடிவும் நிற்கிறது. 2013இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயிலேயே ஆர்கான் 36, ஆர்கான் 38 விகிதத்தை இன்னும் துல்லியமாக அளந்தது. 4.2 என்று வந்தது. பூமியில் அது 5.3. விண்கற்களில் அடைபட்ட வாயுவும் செவ்வாயின் பக்கமே நின்றது. அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஷெர்காட்டியும் இந்தக் கூடமும்

பேழைகளின் பக்கம் திரும்பி நடந்தபோது ஷெர்காட்டியின் நினைவு விடவில்லை. 1865 ஆகஸ்ட் 25 அன்று கயைக்குத் தெற்கே, கிராண்ட் டிரங்க் சாலையில் உள்ள அந்த ஊர்ப்பக்கம் சுமார் 5 கிலோ எடையுள்ள ஒற்றைக் கல் விழுந்தது. அதன் ஒரு பகுதி வியன்னாவுக்குப் போயிற்று. அங்கே குஸ்தாவ் செர்மாக் 1872இல் அதை ஆராய்ந்தபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். ஃபெல்ட்ஸ்பார் படிகம் இருக்க வேண்டிய இடத்தில், படிகத்தின் வடிவம் கலையாமல், உள்ளமைப்பு மட்டும் கண்ணாடியாகிக் கிடந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவுக்குத் தலைவராக இருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கெலினின் பெயரால் அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயர் வைத்தார். மாஸ்கெலின் கட்டிக்காத்த அந்தச் சேகரிப்புதான் பின்னாளில் இந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

படிகம் எப்படிக் கண்ணாடியானது என்பதற்குச் செர்மாக்கின் காலத்தில் விடை இல்லை. இன்று தெரியும். நம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு அதிர்ச்சி அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் பாறை வழியாகப் பாய்ந்திருக்கிறது. செவ்வாயை விட்டுக் கல் கிளம்பிய கணத்தின் தழும்பு அது. இன்று செவ்வாய்க் கற்களில் மிகப் பெரும்பாலானவை ஷெர்காட்டைட் வகைதான். பீகாரின் ஒரு சிற்றூர்ப் பெயரை உலகத்து ஆய்வுக்கூடங்கள் தினமும் உச்சரிக்கின்றன. அந்தக் கல்லின் பெரும்பகுதி கொல்கத்தாவில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

நீர் இருந்த சுவடு

நக்லாவை விஞ்ஞானிகள் விடாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம், அதில் உள்ள துருநிறக் கீற்றுகள். நுண்ணோக்கியில் ஒலிவின் படிகங்களின் விரிசல்களைப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் களிமண் போன்ற பொருள் நிரம்பியிருக்கிறது. கூடவே கார்பனேட், ஜிப்சம் வகைச் சல்பேட், சமையல் உப்பின் அதே சோடியம் குளோரைடு. நீர் புகுந்து, தேங்கி, வற்றினால்தான் இவை இந்த வரிசையில் படியும். இந்த உப்புகளை 1990களின் கடைசியில் விரிவாக ஆராய்ந்த ஜான் பிரிட்ஜஸ், மோனிகா கிரேடி இருவரும் அப்போது இதே அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவர்கள்.

அந்த நீர் நைல் வடிநிலத்து நீராக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அதற்குக் கல்லிலேயே விடை இருக்கிறது. துருநிறக் கீற்று ஒன்றைக் கல்லின் வெளிப்புறம்வரை பின்தொடர்ந்து போனால், உருகிய கருந்தோலை நெருங்கும் இடத்தில் அந்தக் கீற்றும் வெந்து உருமாறியிருக்கிறது. தோல் உண்டானது 1911 ஜூன் 28 காலையில். அதன் சூட்டில் வெந்தது என்றால் கீற்று அதற்கு முன்பே கல்லுக்குள் இருந்திருக்க வேண்டும். எனவே அந்த நீர் செவ்வாயின் நீர். அமெரிக்காவில் கண்டெடுத்த லஃபாயெட் என்ற இதே வகைக் கல்லில் களிமண்ணின் வயதைக் கணித்திருக்கிறார்கள். வெவ்வேறு ஆய்வுகள் 60 கோடி முதல் 75 கோடி ஆண்டுகள் என்று சொல்கின்றன. லாவா உறைந்து பாதி ஆயுள் கழிந்தபிறகும் அந்தப் பாறைக்குள் நீர் வந்திருக்கிறது.

நீர் என்றதும் உயிர் நினைவுக்கு வருவது இயல்பு. 1984 டிசம்பரில் அண்டார்டிகாவின் ஆலன் ஹில்ஸில் எடுத்த 1.93 கிலோ கல்லான ஏஎல்எச் 84001இல் நுண்ணுயிரின் சுவடு இருக்கலாம் என்று 1996 ஆகஸ்டில் நாசா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு நடந்த ஆய்வுகள், அங்கே கண்ட ஒவ்வொன்றும் உயிர் இல்லாமலேயே உருவாக முடியும் என்று காட்டின. ஆனால் அந்த விவாதம் வீணாகவில்லை. 400 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான அந்தப் பாறையை அணு அணுவாகப் பார்க்கும் கருவிகளும் பயிற்சியும் அதனால் வளர்ந்தன.

எப்படிப் புறப்பட்டது, எங்கிருந்து புறப்பட்டது?

செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து தப்ப ஒரு கல் விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டும். எரிமலையால் அந்த வேகம் தர முடியாது. பெரிய சிறுகோள் ஒன்று மோதும்போது, மோதிய இடத்துக்குச் சற்று அப்பால், தரையின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய அடுக்கு நொறுங்காமல் பெயர்ந்து தெறிக்கும் என்று ஜே மெலோஷ் 1980களில் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் நடந்த கணினிக் கணக்குகள், சுமார் 3 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கும் மோதலே போதும் என்றன.

கிளம்பிய காலத்தையும் கல்லே பதிந்து வைக்கிறது. வெட்டவெளியில் திரியும்போது அண்டக்கதிர்கள் கல்லைத் தாக்கி ஹீலியம் 3, நியான் 21 போன்ற அணுக்களை உண்டாக்குகின்றன. அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அளந்தால் பயணக்காலம் தெரியும். நக்லா செவ்வாயை விட்டது சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன். பிரேசில், அமெரிக்கா, அண்டார்டிகா, சஹாரா என்று எங்கெங்கோ கிடைத்த நக்லைட்டுகளும் (நக்லா வகைக் கற்கள்), சாசினியும் அதே காலத்தைத்தான் காட்டுகின்றன. ஒரே மோதலில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. ஆனால் அவை உறைந்த காலம் ஒன்றல்ல. 2017இல் வெளியான ஆய்வு, நக்லைட்டுகள் ஒரே எரிமலையின் பல லாவா ஓட்டங்களிலிருந்து வந்தவை என்றும், முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் இடையே 9.3 கோடி ஆண்டுகள் இருந்தன என்றும் காட்டியது. ஓர் எரிமலை அவ்வளவு காலம் விட்டுவிட்டுக் கக்கியிருக்கிறது.

அந்த எரிமலை எது என்பது இன்னும் அடையாளம் காணப்படவில்லை. செவ்வாய்க் கற்களின் பெருங்குறை இதுதான். சொந்த ஊர் தெரியாமல் வந்தவை இவை. சில கற்களுக்கு மட்டும் இப்போது விலாசம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. 2011இல் சஹாராவில் கிடைத்த, ‘பிளாக் பியூட்டி’ என்று அழைக்கப்படும் 320 கிராம் கருங்கல் அவற்றில் ஒன்று. பல காலத்துப் பாறைத் தூள்கள் சேர்ந்து இறுகிய கல் அது. அதிலுள்ள சிர்க்கான் மணிகள் சிலவற்றின் வயது 440 கோடி ஆண்டுகளை எட்டுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, செவ்வாயின் கோடிக்கணக்கான சிறு பள்ளங்களைக் கணினியைக் கொண்டு எண்ணி, இந்தக் கல் கராத்தா என்ற சுமார் 10 கிலோமீட்டர் அகலப் பள்ளத்திலிருந்து வந்தது என்று 2022இல் முடிவு கண்டது.

எதிர்த்திசையில் போன கல்லும் ஒன்று உண்டு. ஓமன் பாலைவனத்தில் 1999இல் கிடைத்த எஸ்ஏயூ 008 என்ற செவ்வாய்க் கல்லின் சிறு துண்டை இந்த அருங்காட்சியகம் நாசாவுக்குக் கொடுத்தது. பர்சிவரன்ஸ் ஊர்தியின் கருவி ஒன்றைச் சரிபார்க்கும் அளவுகோலாக அது ஊர்தியிலேயே பொருத்தப்பட்டு, 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கியது. தாய்மண்ணுக்குத் திரும்பிய முதல் விண்கல் அதுதான்.

சேர்த்து வைத்தவர்களுக்கு நன்றி

சிறுமியும் பெரியவரும் விடைபெற்றுப் போனபிறகும் அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். 1911இல் இதைப் பொறுக்கியவர்களுக்குச் செவ்வாயைப் பற்றிய எண்ணமே இல்லை. ஆக்சிஜன் விகிதத்தை அளக்கும் கருவி அன்று கிடையாது. வைக்கிங் கிளம்ப இன்னும் 64 ஆண்டுகள் இருந்தன. இருந்தும் அவர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள், எடை போட்டார்கள், சீட்டு எழுதி ஒட்டினார்கள், கழுவித் தேய்க்காமல் வைத்தார்கள். அந்த ஒழுங்கால்தான் பிந்திய தலைமுறை கேட்ட கேள்விகளுக்குக் கல் பதில் சொன்னது. வானிலிருந்து விழுவதைக் கண்ணால் கண்டு, அதிக காலம் கிடக்கவிடாமல் எடுத்த செவ்வாய்க் கற்கள் உலகத்தில் ஐந்தே ஐந்து: சாசினி, ஷெர்காட்டி, நக்லா, 1962இல் நைஜீரியாவின் ஜகாமி, 2011இல் மொராக்கோவின் திஸ்ஸிந்த். மற்ற நூற்றுக்கணக்கானவை பாலைவனத்திலும் பனியிலும் காலங்காலமாகக் கிடந்து, பூமியின் நீரும் உப்பும் கலந்தவை. நைஜரில் 2023இல் கிடைத்த 24.67 கிலோ கல், இதுவரை கிடைத்த செவ்வாய்க் கற்களிலேயே பெரியது, 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 53 லட்சம் டாலருக்குத் தனியார் கைக்குப் போனது. அப்படிப் போகும் கல்லை நாளை ஒரு மாணவி ஆய்வுக்குக் கேட்டால் கிடைக்குமா என்ற கவலை எனக்கு உண்டு. இத்தகைய கற்கள் பொதுச் சேகரிப்பில் இருப்பதே முறை.

ஷெர்காட்டி விழுந்தது நம் நாட்டு மண்ணில். அடுத்தது நம் ஊரிலேயே விழலாம். அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானில் தீப்பந்தும் இடிமுழக்கமும் வந்து, அதன் பிறகு கருந்தோல் போர்த்த கல் ஒன்றைக் கண்டால், விழுந்த இடத்தில் இருக்கும்போதே படம் எடுங்கள். நேரத்தையும் அது வந்த திசையையும் எழுதி வையுங்கள். கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், மஞ்சள் குங்குமம் தடவாதீர்கள். காந்தத்தை வைத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். அது பிறந்த உலகத்தின் காந்தப் பதிவு அந்த ஒரு உரசலில் அழிந்துவிடும். சுத்தமான காகிதத்தில் பொதிந்து, வட்டாட்சியர் அலுவலகம் மூலமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிடம் சேர்த்துவிடுங்கள்.